யார் ஜெயிப்பார் என்று தெரியாத ஆட்டம்

வீட்டில் செஸ் போர்டு தூசி படிந்து கிடப்பதற்கு நேரமில்லாததுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. யார் ஜெயிப்பார் என்று உட்காரும்போதே இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. பத்து ஆட்டத்தில் பத்தும் தோற்கிறவருக்குப் போர்டை விரிக்கவே மனம் வராது. பத்தும் ஜெயிக்கிறவருக்கும் உள்ளூர அதே அலுப்புதான். வீட்டு ஆட்டத்துக்கு ரேட்டிங் இல்லை, நடுவர் இல்லை. அந்தச் சுதந்திரத்தை முழுக்கப் பயன்படுத்தி, கடைசி பத்து நகர்த்தல் வரை இழுபறியாகப் போகும்படி ஆட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். செஸ்ஸின் சந்தோஷம் அந்த இழுபறியில்தான் இருக்கிறது.

முதலில் பெயர்கள். மந்திரி என்றால் சில வீடுகளில் பிஷப், சில வீடுகளில் ராணி. மூலையில் நிற்பது சிலருக்கு யானை, சிலருக்குக் கோட்டை. இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன்.

போர்டும் காய்களும் பொருந்துகின்றனவா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நான்கு சிப்பாய்களை ஒரே கட்டத்துக்குள் நிறுத்துங்கள். நெருக்கமாக, கோட்டைத் தாண்டாமல் நின்றால் அளவு சரி. பிதுங்கினால், ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் விரல் பட்டுப் பக்கத்துக் காய் சாயும். சர்வதேசப் போட்டிகளில் ராஜாவின் உயரம் சுமார் 9.5 செ.மீ., கட்டம் 5 முதல் 6 செ.மீ. வீட்டுக்கும் இந்த அளவு கைக்கு இதமாக இருக்கும். காய்களின் வடிவத்தில் ஸ்டாண்டன் மாதிரியைத் தாண்டிப் போகாதீர்கள். 1849-இல் விற்பனைக்கு வந்த வடிவம் அது. இன்றும் போட்டிகளில் அதுதான். போர்வீரர் சிலைகள் மாதிரிச் செதுக்கிய அலங்காரக் காய்கள் அலமாரிக்கு அழகு. ஆடும்போது பிஷப் எது, சிப்பாய் எது என்று கண் தடுமாறும். அப்படி ராணியை இழந்தால் அதில் விளையாட்டு ஏதுமில்லை. பளபளப்பான போர்டு என்றால் விளக்கு நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். சுருட்டி வைக்கும் வினைல் போர்டு ஓரம் தூக்கினால், எதிர்ப்பக்கமாக ஒருமுறை சுருட்டி, ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள்.

போர்டு வைக்கும்போது ஒவ்வொருவரின் வலதுகை மூலையிலும் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கருப்பு ராணி கருப்புக் கட்டத்தில். போர்டைத் திருப்பி வைத்துவிட்டால் ராஜாவும் ராணியும் இடம் மாறி நிற்பார்கள். பாதி ஆட்டத்தில்தான் அது தெரியவரும்.

இனி முக்கியமான விஷயம்: பலம் வேறுபட்ட இருவர் ஆடுவது. வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது மோசமான வழி. குழந்தைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் உண்மையாக ஜெயித்தாலும் நம்ப மாட்டார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லாரும் பார்க்க ஒரு காயை எடுத்து வைப்பதுதான் நேர்மை. அதன்பின் இரக்கமே காட்டாமல் ஆடலாம்.

படிகள் இப்படி. (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையைக் குறிக்கும், வெள்ளையின் இடமிருந்து ஏ முதல் எச் வரை; எண் கிடைவரிசையைக் குறிக்கும், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை.) முதல் படியில், பலமானவர் கருப்பில் ஆடி, எஃப்7 சிப்பாயை எடுத்துவிடுவார். அந்தச் சிப்பாயை எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஆட்டத் தொடக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. சிப்பாய் போனதும் எச்5-இலிருந்து இ8 வரை மூலைவிட்டம் திறந்துகொள்ளும். இரண்டாவது நகர்த்தலிலேயே ராணி வந்து செக் (ராஜாவின் மேல் நேரடித் தாக்குதல்) வைக்கலாம். ஒரு சிப்பாய்தான் என்றாலும் பலமானவர் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும். அடுத்த படிகளில் அவர் வெள்ளையில் ஆடி, பி1 குதிரையை எடுப்பார், பிறகு ஏ1 யானையை, கடைசியாக ராணியை. ஒருவரே தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால் ஒரு படி மாற்றுங்கள். ராணி இல்லாமல் தொடங்கி, சில மாதங்களில் குதிரை இல்லாத படிக்கு வந்து சேருவது, ஆடுகிற இருவருக்குமே பரிசு வாங்கியது போல இருக்கும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. ஒரு காய் கூடுதலாக இருந்தும், பயந்தவர் எதையும் வெட்டிக்கொள்ளாமல் ஒதுங்குவார். அவருக்கு எண்ணிக் காட்டுங்கள். ராஜாவையும் சிப்பாய்களையும் விட்டுவிட்டால் ஏழுக்கு ஆறு என்பது பெரிய வித்தியாசமில்லை. ஐந்தைந்தாக வெட்டிக்கொண்டால் அதுவே இரண்டுக்கு ஒன்று. ஆகவே காய் கூடுதலாக இருப்பவர் காய்க்குக் காய் வெட்ட வேண்டும். ஆனால் சிப்பாய்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், ராணியாக்க அவை தேவைப்படும்.

பெரியவர்களுக்குள் நேர வித்தியாசமும் நன்றாக வேலை செய்யும். ஒருவருக்கு 10 நிமிடம், மற்றவருக்கு 3. குழந்தைகளுடன் இது வேண்டாம். எதிரில் இருப்பவர் படபடவென்று ஆடுவதைப் பார்த்து அவர்களும் அதே வேகத்தில் ஆடத் தொடங்கி, காய்களை வரிசையாக இழப்பார்கள். இருவருக்கும் நிதானமான ஆட்டம் வேண்டுமென்றால் 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 வினாடி கூடுதலும் வையுங்கள். 40 நகர்த்தல் போனால் ஒருவருக்கு 21 நிமிடம் 40 வினாடி. மொத்தம் முக்கால் மணிக்குள் முடியும். செஸ் கடிகாரம் இல்லாவிட்டால் போனில் அதற்கான செயலி போதும்.

நகர்த்தியதைத் திரும்பப் பெறுவதுதான் வீட்டில் அதிகச் சண்டைக்கு இடம். "தொட்டால் ஆடணும்" என்ற விதி சிறந்ததுதான். ஆனால் புதிதாக ஆடுகிறவர் ஒரு கவனப்பிசகில் ஆட்டத்தையே இழந்தால் மீதி அரைமணி நேரம் வீண். மூன்று பொத்தான்களை அவர் பக்கம் வையுங்கள். ஒரு முறை திரும்பப் பெற ஒரு பொத்தான்; எதிராளி பதில் ஆடும் முன் கேட்க வேண்டும். பொத்தான் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதில் எதிர்பாராத லாபம் உண்டு: கடைசிப் பொத்தானைச் சேமிக்க நினைத்தே, காயைத் தொடும் முன் ஒரு கணம் நிதானிக்கப் பழகிவிடுவார்கள்.

விதிகளில் குழப்பம் வருவது பெரும்பாலும் கேஸ்லிங்கில்தான்: ராஜா யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர, யானை ராஜாவைத் தாண்டி அடுத்த கட்டத்தில் வந்து நிற்கும் நகர்த்தல் அது. ராஜாவும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது, இடையில் காய் இருக்கக் கூடாது. ராஜா செக்கில் இருக்கும்போதும், கடக்கிற கட்டமோ போய் நிற்கிற கட்டமோ தாக்குதலில் இருக்கும்போதும் முடியாது. யானை தாக்கப்பட்டிருந்தால் பரவாயில்லை. முன்பு செக் வாங்கி, ராஜாவை நகர்த்தாமலே தப்பித்திருந்தாலும் கேஸ்லிங் செய்யலாம். கூடாது என்று பலர் அடித்துச் சொல்வார்கள், அது தவறு. சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால், பழைய ராணி போர்டிலேயே இருந்தாலும் இன்னொரு ராணி வாங்கலாம். வெட்டுப்பட்ட யானையைத் தலைகீழாக நிறுத்தி ராணி என்று வைத்துக்கொள்வது வீட்டு வழக்கம். அதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

புதிதாக ஆடுகிறவரின் உற்சாகத்தைக் குலைப்பது நான்கே நகர்த்தலில் முடியும் அந்தச் செக்மேட். வெள்ளை இ4, கருப்பு இ5. பிஷப் சி4, குதிரை சி6. ராணி எச்5. இப்போது கருப்பு, எதிரி ராணியை விரட்டும் ஆசையில் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுபோனால், ராணி எஃப்7-ஐ வெட்டிச் செக்மேட். சரியான பதில் ஜி6. ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐக் குறிவைத்தால், அப்போது குதிரை எஃப்6. தாக்குதல் முடிந்தது, வெள்ளை ராணிதான் அலைந்து நேரத்தை வீணாக்கியிருக்கிறாள். ஆனால் "ராணி வந்தால் ஜி6" என்று மனப்பாடம் செய்தவர் வேறு குழியில் விழுவார். வெள்ளை இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை எச்5-க்குக் கொண்டுவந்தால், இ5 சிப்பாய்க்குக் காவல் இல்லை. அப்போது ஜி6 ஆடினால் ராணி இ5-ஐச் செக்குடன் வெட்டும், அடுத்து எச்8 யானையும் போகும். அங்கே முதலில் குதிரை சி6, பிஷப் சி4-க்கு வந்த பிறகுதான் ஜி6. வரிசையை மனப்பாடம் செய்வதைவிட, இ5-க்கும் எஃப்7-க்கும் யார் காவல் என்று கேட்கச் சொல்லித்தருவது மேல்.

ஜெயித்த ஆட்டத்தை டிரா ஆக்கிக்கொள்வது இன்னொரு மனவலி. ராணியும் ராஜாவும் இருக்க, எதிரில் தனி ராஜா. கருப்பு ராஜா எச்8 மூலைக்குப் போனதும் ராணியை ஜி6-இல் வைத்தால், செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை: ஸ்டேல்மேட். தவிர்க்கும் வழி: எதிரி ராஜாவிடமிருந்து குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் ராணியை நிறுத்தி, அது நகர்கிற திசையில் நீங்களும் நகர்த்திக்கொண்டே வாருங்கள். செக் வைக்க வேண்டாம். ராஜா ஓரத்துக்குப் போனதும் பின்தொடர்வதை நிறுத்துங்கள். உதாரணமாக ராணி இ7-இல் நின்றால், கருப்பு ராஜாவால் ஜி8-க்கும் எச்8-க்கும் இடையே மட்டும்தான் போய்வர முடியும். அது அப்படியே உலாத்தட்டும். உங்கள் ராஜாவை அவசரமில்லாமல் ஜி6 வரை நடத்துங்கள். பிறகு ராணி ஜி7, செக்மேட். இதை மட்டும் பத்து முறை வைத்துப் பழகினாலே போதும். இறுதிக்கட்டத்தில் கை நடுங்காது.

நேரம் குறைவாக இருக்கும் நாளில் முழு ஆட்டம் தேவையில்லை. எட்டுச் சிப்பாய்களை மட்டும் அவற்றின் இடத்தில் வைத்து, கடைசி வரிசையை முதலில் தொட்டவர் ஜெயித்தார் என்று ஆடலாம். யாருக்காவது நகர்த்த வழியில்லாமல் போனால் டிரா. ஐந்து நிமிடம்தான். இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயை, ஒரே கட்டம் வந்ததாகப் பாவித்து உடனே அடுத்த நகர்த்தலில் வெட்டும் என் பாசன்ட் விதி, முழு ஆட்டத்தில் எப்போதாவதுதான் வரும். இங்கே திரும்பத் திரும்ப வரும். குழந்தைகள் தானாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒருவர் புத்தகத் தொடக்கங்களைக் கரைத்துக் குடித்தவர் என்றால் 960 செஸ் ஆடுங்கள். முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996-இல் அறிவித்த வகை இது. பின்வரிசைக் காய்கள் குலுக்கல் முறையில் நிற்கும். இரு பிஷப்களும் வெவ்வேறு நிறக் கட்டத்தில், ராஜா இரு யானைகளுக்கு நடுவில். ஆறு முகப் பகடை ஒன்று போதும். வெள்ளையின் முதல் வரிசையை இடமிருந்து ஏ முதல் எச் வரை எண்ணுங்கள். வெள்ளைக் கட்டங்கள் நான்கில் ஒன்றில் பிஷப். 2 விழுந்தால் டி. கருப்புக் கட்டங்கள் நான்கில் இன்னொரு பிஷப்; 3 விழுந்தால் இ. இரண்டிலும் 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். மீதி ஆறு காலி இடத்தில் ராணி. 5 என்றால் ஜி. மிச்சம் ஐந்தில் ஒரு குதிரை. 1 என்றால் ஏ. நான்கில் மற்றொன்று, 3 என்றால் எஃப். எஞ்சிய பி, சி, எச் மூன்றில் யானை, ராஜா, யானை. கருப்புக் காய்கள் அதற்கு நேர் எதிரில். நாலு நால் பதினாறு, ஆறால் பெருக்கினால் 96. இரு குதிரைகளுக்கும் ஒரே உருவம் என்பதால் 20-க்குப் பதில் 10 வழி. 960 வந்துவிட்டது. முதல் நகர்த்தலிலிருந்தே இருவரும் சொந்தமாக யோசிக்க வேண்டும், அதுதான் இதன் அழகு.

போட்டியே வேண்டாம் என்று தோன்றும் மாலைக்குப் பழைய ஆட்டம் ஒன்றை எடுத்து ஊகிக்கலாம். 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி, இருவர் கூடி ஆடிய எதிரணியை 17 நகர்த்தலில் வென்ற ஆட்டம் இதற்கென்றே அமைந்தது. ஒருவர் நகர்த்தல்களை மறைத்து வைத்து வாசிக்க, மற்றவர் மார்ஃபியின் அடுத்த நகர்த்தலைச் சொல்ல வேண்டும். முதல் ஊகம் சரியானால் 3 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. பதினாறாவது நகர்த்தலில் மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள். ராணியை பி8-இல் கொண்டுபோய்ச் செக் வைக்கிறார். குதிரையால் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. குதிரை விலகியதும் டி நெடுவரிசை திறக்க, யானை டி8-இல் இறங்கிச் செக்மேட். தூரத்தில் ஜி5-இல் நிற்கும் பிஷப் அதற்குக் காவல். ஊகிக்கிறவர் தானே அதைக் கண்டுபிடித்தால் அவர் முகத்தைப் பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் கணினியிடம் ஓடாதீர்கள். அது எல்லாத் தவறையும் ஒரு நொடியில் பட்டியலிட்டுப் பேச்சை நிறுத்திவிடும். ஆட்டம் எங்கே திரும்பியதோ அந்த ஒரு நிலையை மட்டும் மறுபடி அடுக்கி, இருவரும் கைவைத்து ஆடிப் பாருங்கள்.

பாதியில் எழ வேண்டி வந்தால் போனில் படம் மட்டும் எடுத்தால் போதாது. யார் முறை, யாருக்கு எந்தப் பக்கம் கேஸ்லிங் பாக்கி, கடைசி நகர்த்தல் எது என்பவை படத்தில் தெரியாது; அவற்றை எழுதி வையுங்கள். அதைவிட ருசியானது, பழைய போட்டிகளின் உறை முறை. நகர்த்த வேண்டியவர் காயைத் தொடாமல், தன் நகர்த்தலைத் தாளில் எழுதி மடித்து, போர்டுக்கு அடியில் வைப்பார். 1972-இல் ரெய்க்யாவிக் உலகச் சாம்பியன் போட்டியின் 21-ஆம் ஆட்டத்தில் அன்றைய சாம்பியன் ஸ்பாஸ்கி அப்படி உறையிலிட்டுப் போய், மறுநாள் திரும்பி வராமல் தொலைபேசியிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். வீட்டில் அவ்வளவு தூரம் போகாது. காய்கள் கலையாமல் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். எழுதியவர் இனி மாற்ற முடியாது. மற்றவர் தாளில் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டே படுக்கப்போவார்.