எண்ணெய் எங்கே போனது?

திருச்சியில் ஆறு ஆண்டுகள் கார் ஓட்டியிருக்கிறேன். அங்கே வண்டியை நிறுத்துவதற்குத்தான் பிரேக் மிதிப்பேன். இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டனுக்கு மருமகளாக வந்த பிறகு, இறக்கம் முழுவதும் பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு வரும் பழக்கம் தொற்றிக்கொண்டது. பள்ளத்தாக்கைப் பார்த்த பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு யார் விலை கொடுத்தது என்பதை டாஷ்போர்டில் எரிந்த ஒரு சிவப்பு விளக்குதான் காட்டிக் கொடுத்தது.

எங்களுடையது 1998-இல் ஜப்பானில் செய்த பழைய கார். ஒரு மழைநாளில் நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கு இறங்கும்போது, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு மினுக்கியது. வளைவில் எரிந்தது, சமதரைக்கு வந்ததும் அணைந்தது. கைபிரேக் போட்டாலும் அதே விளக்குதான் எரியும். அது முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பொனட்டைத் திறந்தேன். பிரேக் ஒயில் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. வண்டி முன்பக்கமாகச் சாயும்போது எண்ணெய் ஒதுங்கி மிதவை தாழ, விளக்கு எரிகிறது. பஜாரில் ஒரு போத்தல் வாங்கி ஊற்றினால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் பணப்பையை எடுத்துவிட்டேன்.

"ஊற்ற வேண்டாம், மகள். அந்த எண்ணெய் எங்கே போனது என்று முதலில் பாருங்கள்" என்றார் மாமா.

மாமா தேயிலைத் தோட்டத்தில் லொறிச் சாரதியாக இருந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, குடியுரிமையில்லாத மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று இரு அரசுகளும் கணக்குப் போட்டபோது, அவருடைய அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி திருச்சிப் பக்கம் போனார். மாமா இங்கேயே இருந்துவிட்டார். அந்த அண்ணன் வழியாகத்தான் எங்கள் திருமணம் கூடியது. மாமா எதற்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார், கேள்வியைத்தான் கொடுப்பார்.

எண்ணெய் போக இரண்டே வழி. ஒன்று கசிவு: சக்கரங்களின் உட்புறத்தையும் குழாய்களையும் விரலால் தடவிப் பார்த்தேன், எங்கும் ஈரம் இல்லை. மற்றது தேய்மானம்: சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் முன்னால் வந்து நிற்கும், அது விட்ட இடத்தை எண்ணெய் நிரப்பும். அப்படியானால் சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஜாக்கி வைக்கச் சமதரை வேண்டுமே! மலையில் அது எளிதில் கிடைக்காது. பெரட்டுக்களத்துக்கு ஓட்டிப்போனோம். தொழிலாளர்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது என்று மாமா மரக்கட்டைகளையும் அடுக்கினார்.

இடதுபுறச் சக்கரத்தில் உட்புற பேட் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. வெளிப்புறம் அதைவிட நன்றாகத் தடித்திருந்தது. ஏன் இந்த வேறுபாடு? பேட்களைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் நகர்ந்து இரண்டையும் சமமாக அழுத்த வேண்டும். அது நகரும் ஊசிகள் மழையிலும் மூடுபனியிலும் துருவேறி இறுகியிருந்தன. புது பேட் மட்டும் போட்டிருந்தால் சில மாதங்களில் அதுவும் இதே கதிதான். துருவைத் தேய்த்து எடுத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீசைப் பூசினோம். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். தடித்த புது பேட்டுக்கு இடம் வேண்டுமே என்று, டப்பாவின் மூடியைத் திறந்து வைத்து, கிளாம்பினால் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளினேன். டப்பாவைப் பார்க்கும்படி மாமா கைகாட்டினார். மட்டம் ஏறிக்கொண்டிருந்தது! வலதுபுறத்தையும் மாற்றி முடித்தபோது மேல்கோடு வரை வந்துவிட்டது, ஒரு சொட்டும் ஊற்றவில்லை. முன்பே ஊற்றியிருந்தால் இப்போது பொங்கி வழிந்து பெயின்டை அரித்திருக்கும். அதைவிட, விளக்கு அணைந்த நிம்மதியில் தேய்ந்த பேட்டோடு கித்துல்கலைக்கு இறங்கியிருப்பேன்.

எண்ணெயின் நிறம் கடும் சாயத் தேநீர்போல இருந்ததால் அதையும் மாற்றினோம். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் சூடேறி எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். மிதித்தால் ஆவிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. கணவர் பெடலை மிதிக்க, நான் ஒவ்வொரு சக்கரத்திலும் எண்ணெயை வெளியேற்றும் திருகைத் திறந்து, தெளிந்த எண்ணெய் வரும்வரை பழையதை வெளியேற்றினேன். கிளம்பும் முன் பெடல் இறுகும்வரை பல முறை மிதித்தேன். பேட் மாற்றிய பின் முதல் மிதி அடிவரை போகும். இதை மறந்து வண்டியை எடுப்பவர்கள் சுவரில்தான் நிற்பார்கள்.

மறுநாள் கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கினோம். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். "ஏறும் கியரிலேயே இறங்குங்கள்" என்றார் மாமா. இரண்டாம் கியரில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்தது. வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக் மிதித்துவிட்டுக் காலை எடுத்தேன். விளக்கு எரியவில்லை.

களனி ஆற்றோரம் நிறுத்தியதும் மாமா இறங்கி, தொடாமல், இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தார்.

"இரண்டு பக்கமும் ஒரே சூடு, மகள்" என்றார்.