தட்டு எவ்வளவு தூரம் பறக்கும்?

கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த பெறாமகன் விட்டுச் சென்ற டிஸ்க் கோல்ஃப் (பந்துக்குப் பதிலாகத் தட்டைக் கையால் எறிந்து கூடையில் விழுத்தும் விளையாட்டு) தட்டுகளை முற்றவெளியில் எறியத் தொடங்கிய நாள் முதல், அயலவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி இதுதான். புதிதாக எறிபவருக்கு 45 முதல் 60 மீற்றர் கிடைப்பதே வழமை. சில ஆண்டுகள் விடாது விளையாடியவர்கள் 75 முதல் 90 மீற்றர் வரை எறிகிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களோ 120 மீற்றரைத் தாண்டுவார்கள், அதாவது அவர்களுடைய தட்டு ஓர் உதைபந்தாட்டத் திடலின் முழு நீளத்தையும் கடந்துவிடும். நாடா பிடித்து அளந்ததில் என் சிறந்த எறி 58 மீற்றர்.

கைப்பலத்தால் மட்டும் இத்தூரம் வருவதில்லை. கால், இடுப்பு, தோள் என்று வரிசையாக எழும் விசை கடைசியில் மணிக்கட்டை அடைந்து, தட்டுக்கு வேகத்தையும் சுழற்சியையும் ஒருங்கே கொடுக்க வேண்டும். சுழற்சி குறைந்தால் தட்டு தள்ளாடும், முன்விளிம்பு மேல்நோக்கி இருந்தால் அது எழும்பி, வேகம் இழந்து விழுந்துவிடும். என் முதல் மாதம் முழுவதும் இந்த இரண்டாவது பிழையிலேயே கழிந்தது. நெடுந்தூர எறிக்கான, கூரிய விளிம்புள்ள டிரைவர் தட்டுகள் வேகமான கைக்கே பயன்படும் என்பதால், தொடங்குபவருக்கு நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்ச் தட்டையே கொடுப்பேன்.

காற்றைப் பற்றி, பட்டம் ஏற்றிப் பழகிய நம்மவருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சோளகம் வீசும் மாதங்களில் அதன் போக்கிலேயே உயர எறிந்த தட்டு மிதந்துகொண்டே போகும். 2016 இல் டேவிட் விகின்ஸ் ஜூனியர் அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் 338 மீற்றர் எறிந்து உலக சாதனை படைத்ததும் பின்காற்றின் துணையோடுதான். ஆகவே காற்று அடங்கிய விடியற்காலையில் மட்டுமே நான் அளக்கிறேன். மேலே சொன்ன 58 மீற்றரும் அப்படி அளந்ததே.