சேர்ஃப் படத்தோடு விழாவுக்குப் போகிறவர்களுக்கு: முதலில் சத்தத்தைப் பாருங்கள்

விழா முடிவு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதற்குள் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் கமெராவோடு திரிகிற தம்பிமார், தங்கச்சிமார் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள், எப்படி எடுபட்டது என்று. எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நண்பர்கள் சேர்ந்து கைக்காசில் எடுத்த எங்கள் அலைச்சறுக்குப் படம் கொழும்பில் ஒரு விழாவின் ஆவணப்படப் பிரிவில் ஓடியது, நடுவர்களின் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது. பெரிய பரிசு இல்லை. ஆனால் அந்த ஹோலில் முல்லைத்தீவில் கள்ளப்பாடு என்கிற ஊரைச் சேர்ந்த ஐயா ஒருவரின் பேச்சைத் தமிழ் தெரியாத சனமும் அசையாமல் இருந்து கேட்டதைப் பார்த்த பிறகு எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

எந்தத் தளத்தில் பதிவது, கட்டணம் எப்போது கூடும், லிங்க்குக்குப் பாஸ்வேட் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

சத்தம். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அலைச்சறுக்குப் படம் பார்க்கிற நடுவர்கள் ஹவாயையும் இந்தோனேசியாவையும் எங்களுடையதைவிடப் பல மடங்கு விலையான கமெராவில் பார்த்துச் சலித்தவர்கள். கிழக்குக் கரையில் இருக்கிற அறுகம்பையின் மெயின் பொயின்ட் அலையும் அவர்களுக்குப் புதிதில்லை. எங்கள் படத்தில் முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்த ஒருவன் சோளகம் (தெற்குக் காற்று) வீசும் காலத்தில் சீசன் வேலைக்கு அறுகம்பை போய், அங்கே பலகையில் நிற்கப் பழகி, வாடைக் காற்று (வடக்குக் காற்று) தொடங்கும்போது ஊருக்குத் திரும்பி வந்து தன் வீட்டுக் கடலைப் புதுக் கண்ணோடு பார்க்கிறான், அவன் எப்படிக் கதைப்பான், கரைவலை இழுத்த அவனுடைய அம்மப்பா அதற்கு என்ன சொல்வார் என்பதுதான் அவர்கள் கேட்காதது. அதைக் கேட்க முடியாமல் போனால் உங்களிடம் மிஞ்சுவது இன்னொரு அலைதான்.

கடலின் இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் இருக்கும், மனுசக் குரல் இருக்கிற இடத்திலும் இருக்கும். பிறகு எந்த மென்பொருளால் கழுவினாலும் குரல் தகரக் குழாய்க்குள்ளால் வருகிற மாதிரி ஆகிவிடும். அதனால் நாங்கள் தொடக்கத்திலேயே முடிவெடுத்தோம்: கரையில் படம், வாடிக்குள் (மீனவர் குடிசைக்குள்) பேச்சு. தகரம் போட்ட வாடி வெயிலில் டிக் டிக் என்று வெடித்துக்கொண்டே இருக்கும், ஆகவே கிடுகு வேய்ந்த ஒன்றைத் தேடிப் பிடித்தோம். சுற்றிவர நைலோன் வலைக் குவியல், வாசலில் இரண்டு பாய், அதற்கு மேல் ஈரமில்லாத சாரங்கள். ரெக்கோடரை ரெஜிபோம் பெட்டியில் வைத்து அடியில் துணி மடித்துவிட்டோம். அந்த அம்மப்பாதான் நான் முதலில் சொன்ன ஐயா, அவர் சேட் போடமாட்டார், மைக்கைத் தோளில் கிடந்த துவாயின் மடிப்பில் குத்தினோம். அரைமணி நேரம் வலையைப் பற்றியும் விலையைப் பற்றியும் கதைத்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "சுனாமிக்குப் பிறகு நான் கடலுக்கு முதுகு காட்டி நிக்கிறதில்லைத் தம்பி. இவன் அலை வர வர முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறான்."

அலை பிடிக்கிற எவனும் அப்படித்தான் படுத்திருப்பான், பலகையில் குப்புறக் கிடந்து கரையைப் பார்த்துக் கையால் வலிப்பான், அலை பின்னால் வந்து தூக்கும். அதை நாங்கள் எத்தனையோ தடவை எடுத்திருந்தோம். அந்தப் பேச்சை அந்தக் காட்சிக்கு மேல் வைத்த பிறகுதான் படம் படமானது.

ஆகவே, கையோடு வைத்திருக்க வேண்டியவை:

- மைக்குக்கு மயிர் உறை. கச்சானோ (மேற்குக் காற்று) சோளகமோ எழும்பினால் வெறும் பஞ்சு உறை நிற்காது.
- ஒவ்வொரு இடத்திலும் ஒருவரும் கதைக்காமல் ஒரு நிமிடச் சத்தம். எடிட்டில் பேச்சை வெட்டி ஒட்டும் இடமெல்லாம் இது தேவைப்படும்.
- கடலின் சத்தத்தைத் தனியாக, பல தூரத்தில் இருந்து. பனங்கூடலுக்குப் பின்னால் நின்று கேட்கிற கடல் வேறு, காலடியில் உடைகிற கடல் வேறு.
- பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் பதிவை நிறுத்துங்கள். பக்கத்து ஓட்டோவில் இருந்து வந்தாலும் அதற்கு உரிமையாளர் இருக்கிறார், விழா உரிமைப் பத்திரம் கேட்கும். எங்கள் படத்தில் உள்ள ஒரே பாட்டு கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பா, நாங்களே பதிந்தது, பாடியவர்களிடம் கையெழுத்தும் வாங்கினோம்.

தண்ணீருக்குள் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. கமெராவின் தண்ணீர் புகாத உறையைக் காலையில் குளிர்ச்சியான, காய்ந்த இடத்தில் மூடுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பை போடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி உள்ளால் வியர்க்கும். வெளிக்கண்ணாடியில் எச்சில் தடவி ஒரு தடவை நனைத்து எடுங்கள், துளி துளியாக நிற்காது. வெளியே வந்தவுடன் கிணற்றுத் தண்ணீரில் ஊறவையுங்கள். அறுகம்பையில் விடியற்காலை காற்று தரையில் இருந்து கடலுக்குப் போகும், அப்போதுதான் அலை ஒழுங்காக நிற்கும், மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று வந்து கலக்கிவிடும். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிய வேண்டும், பதியாமல் பறக்கவிடாதீர்கள், எங்கள் பக்கத்தில் வீண் விசாரணை வரும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் நேரம் படப்பிடிப்பு வைக்காதீர்கள், ஆள் கிடைக்காது. நாங்கள் அந்த நாட்களில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பதை மட்டும் பதிந்தோம், உப்புத் தண்ணீரில் விளக்கெரிக்கிற ஊர்க்காரன் கடலை எப்படிப் பார்ப்பான் என்று வெளியாருக்கு விளங்க அது உதவியது.

இப்போது கோபமான பகுதி. ஒரு விழாவில் இருந்து நிராகரிப்போடு ஒரு குறிப்பும் வந்தது, போரைப் பற்றி இன்னும் இருந்திருக்கலாம் என்று. வன்னி என்றால் அதைத் தவிர எதையும் காட்டக்கூடாதா? 2004 டிசம்பரும் 2009 மேயும் எங்களுக்கு மறக்கிற விசயங்களா? ஐயாவின் அந்த இரண்டு வரிக்குள் எல்லாம் இருக்கிறது, கேட்கிற காது வேண்டும். யாரும் கேட்டார்கள் என்பதற்காகப் பழைய காட்சிகளை வாங்கி ஒட்டாதீர்கள். படத்தில் வருகிறவர் தானாகச் சொன்னால் வையுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். இது என் குணத்துக்குச் சரிவந்த வழி, வேறு மாதிரி நினைக்கிறவர்களும் இருப்பார்கள், ஆனால் நான் மாறப்போவதில்லை.

சப்டைட்டில்: ஆங்கிலம் கட்டாயம், கொழும்பு என்றால் சிங்களமும் போடுங்கள். கொண்டல் (கிழக்குக் காற்று), கச்சான், வாடை எல்லாவற்றையும் வெறுமனே "காற்று" என்று மொழிபெயர்க்க விடாதீர்கள், திசையையாவது எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தைத் தென்பகுதி மீனவக் குடும்பத்துப் பெடியன் ஒருவன் பார்த்துத் திருத்தித் தந்தான், கடல் சொற்கள் அவனிடம் இருந்தன.

அப்புறம் டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டுகிற டிஜிட்டல் கோப்பு. அதைச் செய்கிற டிசிபி-ஓ-மட்டிக் மென்பொருள் இலவசம், அதிலேயே செய்தோம். முதல் நாளே விநாடிக்கு 24 பிரேமா 25 பிரேமா என்று எல்லாக் கமெராவிலும் ஒன்றாக வையுங்கள். பேச்சை 5.1 கலவையில் நடு ஸ்பீக்கருக்கு அனுப்புங்கள். வெறும் ஸ்டீரியோவாகக் கொடுத்தால் ஓரத்தில் இருப்பவருக்குக் குரல் திரையின் நடுவில் இருந்து வராமல் அவர் பக்கத்து ஓரத்தில் இருந்து வரும். திரையிடலுக்கு முன் சோதனைக்கு நேரம் கேட்டு எழுதுங்கள், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அங்கே அலைக் காட்சியைப் போட்டுப் பார்க்காமல் மிக மெதுவாகப் பேசுகிற இடத்தைப் போட்டு, கடைசி வரிசையில் போய் நின்று கேளுங்கள். யூடியூப்பில் முழுப் படத்தையும் போட்டுவிட்டு முதல் திரையிடல் என்று எங்கும் அனுப்ப முடியாது, அதையும் ஞாபகம் வைத்திருங்கள். லண்டனிலும் ஸ்பெயினின் சான் செபஸ்தியானிலும் அலைச்சறுக்குப் படங்களுக்கென்றே விழாக்கள் இருக்கின்றன, அடுத்து அங்கே அனுப்பப்போகிறோம்.

நண்பர்களோடு போவது பற்றி. விழா அழைப்பது பெரும்பாலும் இயக்குநரை மட்டும்தான், மற்றவர்களின் செலவு உங்கள் தலையில். அதை விண்ணப்பிக்க முதலே உட்கார்ந்து கதைத்துவிடுங்கள், யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையும் சேர்த்து. காசு குறைவென்றால் குழுவில் ஒருவரை நிறுத்திவிட்டாவது படத்தில் வருகிறவரைக் கூட்டிப்போங்கள். கேள்வி நேரத்தில் எங்களிடம் கேட்டதைவிட ஐயாவிடம்தான் அதிகம் கேட்டார்கள். அவருக்கு இரவு பஸ்ஸில் முன்பக்கச் சீட்டை முதலே பதியுங்கள், மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர் இருக்கட்டும், அவர் பேசி முடிக்க முதல் மைக்கை வாங்க யாரையும் விடாதீர்கள்.