வயல்ல ஏரி வெட்டப் போறீங்களா? முதல்ல மேல்மண்ணைப் பாருங்க

விவசாயத்துல ஒண்ணும் மிஞ்சல, பேசாம ஒரு ஏரிய வெட்டி கரையில டென்ட் போட இடம் விட்டா நாலு பேர் வருவாங்கன்னு நிறைய பேர் யோசிக்கிறாங்க. வேணாம்னு சொல்ல வரல. ஆனா இந்த மாதிரி பிளான்கள்ல படகுத்துறை, பார்க்கிங், செல்ஃபி ஸ்பாட் எல்லாம் முதல் பக்கத்துலயே வந்துடும், அந்த நிலத்துல இத்தனை வருஷமா எவ்வளவு உரம் போட்டாங்கன்னு மட்டும் ஒரு வரி இருக்காது.

விஷயமே அங்கதான் இருக்கு. உரத்துல இருக்கற நைட்ரஜன் மழைத் தண்ணியோட போயிடும், பாஸ்பரஸ் அப்படி இல்ல, மண்ணுல ஒட்டிக்கிட்டு பல வருஷம் அப்படியே கிடக்கும். அதுமேல தண்ணிய நிறுத்தினா அடிமண்ணுல ஆக்சிஜன் தீர்ந்துபோய், இரும்போட ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கழண்டு தண்ணிக்குள்ள வந்துடும். பாசிக்கும் அது உரம்தான், அப்புறம் வெயில் அடிக்க அடிக்க நீலப்பச்சைப் பாசிக்குக் கொண்டாட்டம்தான். பார்க்க பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி இருக்கும், சில வகை விஷத்தையும் கக்கும், குளிக்க இறங்கினவங்களுக்குத் தோல் அரிக்கும், அதைக் குடிச்சா நாய் செத்தே போகலாம். 2014-ல அமெரிக்காவுல ஈரி ஏரியில இந்தப் பாசி பெருகி, கரையில இருக்கற டொலிடோ நகரத்துப் பக்கம் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணியக் குடிக்க முடியாமப் போச்சு. அவ்வளவு பெரிய ஏரிக்கே பாஸ்பரஸ் முக்கியமா சுத்தியிருக்கற வயல்கள்ல இருந்துதான் வருது, நாம வயலையே ஏரியாக்கப் போறோம்.

அதனால தண்ணி விடறதுக்கு முன்னாடி மண் டெஸ்ட் எடுத்துட்டு, பாஸ்பரஸ் அதிகமா இருந்தா சத்தான மேல்மண்ண வழிச்சு எடுத்துடணும். அதைத் தூக்கிப் போடவும் வேணாம், டென்ட் பக்கம் மரம் வைக்க அதைவிட நல்ல மண்ணு கிடைக்காது, ஆனா மழை பெஞ்சா திரும்ப ஏரிக்குள்ளயே ஓடி வர்ற மேட்டுல குவிச்சு வைக்காதீங்க. பக்கத்து வயல்ல இருந்து வடிகால் குழாய் எதுவும் மண்ணுக்கடியில வருதான்னும் தேடிப் பாருங்க, உங்க நிலம் சுத்தமானாலும் அவரோட உரம் வந்து சேர்ந்துடும்.

ஆழமாத் தோண்டினா நல்லதுன்னு களிமண் படுகையையே கிழிச்சுட்டு மணல் வரைக்கும் போயிடாதீங்க, தண்ணி நிக்காது. ஆவியாப் போறது வேற இருக்கு, ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர்னு வெச்சாலே 1 ஹெக்டேர் ஏரிக்கு தினம் 50,000 லிட்டர், அதுக்கு ஈடு எங்கேருந்து வரும்னு வெட்டறதுக்கு முன்னாடியே தெரியணும்.

நெதர்லாந்துல ஓல்டாம்ட்ங்கற விவசாயப் பகுதியில 2005-ல வயல்களுக்குள்ள தண்ணிய விட்டு சுமார் 800 ஹெக்டேர்ல ஏரியே உருவாக்கினாங்க. படகு, நீச்சல் எல்லாம் வந்துச்சு, ஆனா கரையோர வீட்டுமனைங்க நினைச்ச வேகத்துல விக்கல. கடன் வாங்கிச் செய்யறவங்க இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க.

கரை வரைக்கும் ஒட்ட வெட்டின புல்தரை போட்டோவுக்கு அழகுதான், வாத்துங்களுக்கும் அது ரொம்பப் பிடிக்கும், எச்சம் முழுக்க தண்ணிக்குள்ள. விளிம்புல கோரையும் நாணலும் வளரட்டும், குளிக்கற இடத்துல மட்டும் திறந்து விட்டு அங்க சரிவை மெதுவா வைங்க. டென்ட்டும் கழிவறையும் கரையிலேருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், தண்ணிக்குப் பக்கத்துலயே தூங்கணும்னு வர்றவங்க முகம் சுளிப்பாங்க, பரவாயில்ல.