மிதவைச் சட்டை வாங்கும்போது
சென்னைத் துறைமுகத்தில் லேசர் என்ற, ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகைப் பழகியபோது நான் முதலில் வாங்கிய மிதவைச் சட்டை ஒரு சைஸ் பெரியது, படகு கவிழ்ந்ததும் அது காது வரை ஏறி, பக்கத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. அதனால் கடையிலேயே எல்லா வாரையும் இறுக்கிக்கொண்டு, தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடையைத் தொட்டால் வேண்டாம்.

நீந்தத் தெரிந்தவருக்கு, மீட்புப் படகு அருகிலேயே இருக்கும் இடத்தில், 50 நியூட்டன் மிதப்பு விசை தரும் வகை போதும். ஆனால் மயங்கியவரை அது மல்லாக்கத் திருப்பும் என்று நம்ப முடியாது, அதற்கு லைஃப் ஜாக்கெட்தான்.

அப்புறம், முன்பக்கம் தடித்த பாக்கெட், தொங்கும் வார் எதுவும் கூடாது, பூம், அதாவது பாயின் அடியில் இருக்கும் கிடைக்கம்பு, வீசும்போது குனிந்தால் கயிறு அதில்தான் மாட்டும். இப்போது போடுவது இடுப்புக்கு மேலேயே நிற்கும் குட்டை ரகம். கைப்பக்கம் அகலமாக வெட்டியிருப்பதால், பாய்க்கயிற்றை இழுக்கும்போது அக்குள் உரசுவதே இல்லை.