மோபி டிக்: இரண்டு 1851 பதிப்புகளிலிருந்து மூலபாடம் எடுத்தல்

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலுக்கு அவர் எழுதியதற்கு நெருக்கமான மூலபாடம் ஒன்றைத் தயாரித்தோம். அவருடைய கையெழுத்துப்படி கிடைக்கவில்லை, மெய்ப்புத்தாள்களும் இல்லை. மிஞ்சியவை இரண்டு அச்சுப் பதிப்புகள்: 1851 அக்டோபரில் லண்டனில் ரிச்சர்ட் பென்ட்லி மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘தி வேல்’, நவம்பரில் நியூயார்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் வெளியிட்ட ‘மோபி டிக்’ (அதே நாவலின் அமெரிக்கத் தலைப்பு). லண்டன் பதிப்பு முதலில் வந்தாலும், நியூயார்க்கிலிருந்து போன மெய்ப்பைப் பார்த்து மறுபடி அச்சுக்கோத்தது அது. ஆகவே அடிப்படைப் பாடம் ஹார்ப்பருடையதே.

இலவச மின்னூல் தளமான குட்டன்பர்க்கில் உள்ள இந்நாவலின் கோப்பு பல மின்பிரதிகளைச் சேர்த்து உருவானது. 1851 பக்கப்படங்களோடு வரிவரியாகச் சரிபார்த்த பிறகே அதைத் தொட வேண்டும்.

ஒப்பிடுவதற்கு வரிக்கு ஒரு வாக்கியம் என்று பிரித்து, சொல்வாரியாக டிஃப் (இரு கோப்புகளின் வேறுபாடுகளைக் காட்டும் நிரல்) ஓட்டினோம். நேரடியாக ஓட்டினால் மேற்கோள்குறி, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் என்று வீண் வேறுபாடுகளே குவியும். அவற்றை ஒருமைப்படுத்துவது தனிப் பிரதியில் மட்டும். மூலக்கோப்பில் செய்தால் உண்மையான பாடபேதமும் (பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவது) சேர்ந்து அழிந்துவிடும். அத்தியாய எண்ணை நம்பியும் பொருத்தக் கூடாது: 25ஆம் அத்தியாயம் லண்டனில் முழுக்க வெட்டப்பட்டது. மன்னர் முடிசூட்டில் தலைக்கு எண்ணெய் பூசுவதைக் கிண்டலாகப் பேசும் அத்தியாயம் அது, முடியாட்சி நாட்டில் வெட்டிய காரணம் புரியும். தலைப்பை வைத்துப் பொருத்தினால் பிசகாது.

வரிக்கடைசியில் உடைந்த சொல்லில் இணைப்புக்கோடு ஆசிரியருடையதா, இடம் போதாமல் அச்சுக்கோப்பவர் போட்டதா? அதே சொல் வரி நடுவில் எப்படி வருகிறது என்று நூல் முழுக்கத் தேடிப் பார்ப்பதுதான் வழி.

அதிக நேரம் தின்பது அடுத்த வேலை: ஒவ்வொரு பாடபேதமும் யார் கை என்று தீர்மானிப்பது. 28ஆம் அத்தியாயத்தில் கப்பல் தலைவன் ஆஹாபின் முகத்தில் ‘சிலுவைப்பாடு’ தெரிவதாக ஹார்ப்பர் பாடம். லண்டனில் அது ‘முடிவில்லாத வேதனை’ போல் ஆகிவிட்டது. சமயச் சொல்லை மழுப்பிய தணிக்கை, நிச்சயமாகத் தள்ள வேண்டியது. ஆனால் 87ஆம் அத்தியாயத்தில் திமிங்கில வேட்டைக்காரர்களின் ‘gally’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஒரு நீண்ட அடிக்குறிப்பு லண்டனில் மட்டும் இருக்கிறது. மிரளவைப்பது என்று பொருள்படும் அந்தச் சொல்லை ஷேக்ஸ்பியர் வரை கொண்டுபோகும் குறிப்பு. தணிக்கை செய்பவருக்கு இதைச் சேர்க்க எந்தத் தேவையும் இல்லை. எழுதியது மெல்வில்தான் என்று ஏற்றோம். லண்டன் பாடத்தை மொத்தமாக ஒதுக்கினால் இழப்பது இதைத்தான்.

கப்பல் மூழ்கியபின் கதைசொல்லி இஷ்மயேல் மட்டும் பிழைத்ததைச் சொல்லும் முடிவுரை லண்டனில் இல்லை. எல்லாரும் மூழ்கினால் கதை சொன்னது யார் என்று அன்றைய விமர்சகர்கள் கேட்டதற்கு இதுவே காரணம். முன்பகுதியான சொல்பிறப்பும் மேற்கோள்களும் மூன்றாம் தொகுதியின் கடைசிக்குத் தள்ளப்பட்டன. இரண்டையும் ஹார்ப்பரில் உள்ள இடத்துக்கே திருப்பியாயிற்று.

இரு பக்கமும் பொருந்தும் ஒற்றைச்சொல் பேதங்களில் ஹார்ப்பர் பாடத்தை வைத்து, லண்டன் வடிவத்தை அடிக்குறிப்பில் கொடுத்திருக்கிறோம்.