ஆப்-ஆம்ப் சர்க்யூட்ல இன்புட் ரெசிஸ்டன்ஸ் எப்பவும் இன்ஃபினிட்டி இல்லீங்க

ஆப்-ஆம்ப் (பிளஸ், மைனஸ்னு ரெண்டு இன்புட் பின்னுக்கு நடுவுல இருக்க வோல்டேஜ் வித்தியாசத்தப் பல மடங்கு பெருக்குற ஐசி) கணக்குன்னா கெயின, அதாவது எத்தனை மடங்கு பெருக்குதுங்கிறத, கண்டுபிடிச்சதோட நெறைய பேர் பேனாவ மூடிடுறாங்க. இன்வர்ட்டிங்னா (சிக்னல் ஆர்1 வழியா மைனஸ் பின்னுக்குப் போயி தலைகீழா வர்றது) மைனஸ் ஆர்எஃப் பை ஆர்1, நான்-இன்வர்ட்டிங்னா (சிக்னல் பிளஸ் பின்னுக்குப் போறது, ஆர்1 கிரவுண்ட்ல) 1 பிளஸ் ஆர்எஃப் பை ஆர்1, முடிஞ்சுது. ஆர்எஃப்ங்கிறது அவுட்புட்லேருந்து மைனஸ் பின்னுக்குத் திரும்பி வர்ற ரெசிஸ்டர். இன்புட் ரெசிஸ்டன்ஸ் என்னன்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு இன்ஃபினிட்டின்னு சொல்றது, அவுட்புட்டுக்கு ஜீரோ. அட, அது ஐடியல் ஐசியோட குணம்ங்க, அதச் சுத்தி நீங்க கட்டியிருக்க சர்க்யூட்டுக்கு வேற கணக்கு.

ஆர்1 1 கிலோ ஓம், ஆர்எஃப் 10 கிலோ ஓம்னு ஒரு இன்வர்ட்டிங் எடுத்துக்கோங்க. கெயின் மைனஸ் 10. மைனஸ் பின் வர்ச்சுவல் கிரவுண்ட்ல, அதாவது கிட்டத்தட்ட ஜீரோ வோல்ட்ல நிக்குது, அப்போ சோர்ஸ் பக்கத்துலேருந்து பாத்தா ஆர்1ஓட இன்னொரு முனை கிரவுண்ட்ல கட்டி வச்ச மாதிரிதான், இன்புட் ரெசிஸ்டன்ஸ் வெறும் 1 கிலோ. இப்ப 1 கிலோ இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் இருக்க ஒரு சென்சார இதுல கோர்த்தா அதுவும் ஆர்1ஓட சீரிஸ்ல சேந்துக்கும், கெயின் மைனஸ் 5க்கு எறங்கிடும். ஐசி போச்சுன்னு கழட்டி மாத்துனாலும் அதே 5தான் வரும். அதே சென்சார நான்-இன்வர்ட்டிங்ல பிளஸ் பின்னுல குடுங்க, 11 கெயின் அப்படியே நிக்கும்.

டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு இன்புட்டுக்கும் ரெசிஸ்டன்ஸ் வேற வேற, அதுக்குத் தனியா ஒரு போஸ்ட் வேணும், இப்ப விட்டுருவோம்.

நிஜ ஐசிக்கு கணக்கு போடணும்னா ஃபார்முலாவ மனப்பாடம் பண்றத விட டெஸ்ட் சோர்ஸ் வைக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. 741ங்கிற ஆப்-ஆம்ப் ஐசிய எடுத்துக்கலாம், பழசுதான், ஆனா நம்பர் எல்லாருக்கும் தெரியும்: ஓப்பன் லூப் கெயின் (ஆர்எஃப் மாதிரி எதுவும் திரும்பி வராதப்ப ஐசியோட சொந்த கெயின்) 2 லட்சம், இன்புட் 2 மெகா ஓம், அவுட்புட் 75 ஓம். அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் வேணுமா, இன்புட்ட கிரவுண்ட் பண்ணுங்க, அவுட்புட்ல விஎக்ஸ்னு ஒரு வோல்டேஜ் குடுங்க, எவ்ளோ கரண்ட் உள்ள போகுதுன்னு பாருங்க. அதே 10 கிலோ, 1 கிலோ வழியா விஎக்ஸ்ல 11ல ஒரு பங்கு மைனஸ் பின்னுக்கு வருது, இந்த 1/11தான் பீட்டா. ஐசி அத 2 லட்சம் மடங்கு பெருக்கி தலைகீழா தள்ளுது, அதனால உள்ள இருக்க 75 ஓமுக்கு ரெண்டு பக்கமும் சேந்து விஎக்ஸ் மாதிரி சுமார் 18,182 மடங்கு வோல்டேஜ். கரண்ட்டும் அத்தனை மடங்கு ஏறுது, ரெசிஸ்டன்ஸ் அத்தனை மடங்கு கொறஞ்சு 4 மில்லி ஓம் பக்கம் வந்து நிக்குது. இன்வர்ட்டிங்கோ நான்-இன்வர்ட்டிங்கோ, இன்புட்ட கிரவுண்ட் பண்ணிட்டா ரெண்டும் ஒரே சர்க்யூட்தான், அதனால இதுல வித்தியாசமே கிடையாது. நான்-இன்வர்ட்டிங்கோட இன்புட்ல இதே 18,182ஆல பெருக்கணும், 2 மெகா 36 கிகா ஓம் ஆகுது, ஆனா பேப்பர்ல மட்டும்தான், நிஜத்துல காமன் மோட் ரெசிஸ்டன்ஸும் (இன்புட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஐசிக்குள்ளயே இருக்கறது) பின் கெப்பாசிட்டன்ஸும் அதுக்கு ரொம்ப முன்னாடியே குறுக்க வந்துடும்.

இன்னொண்ணு, இந்த 4 மில்லி ஓம் டிசிக்குத்தான். 741ஓட கெயின் 5 ஹெர்ட்ஸ் தாண்டுனதுமே சரிய ஆரம்பிக்கும், 10 கிலோ ஹெர்ட்ஸ்ல 100தான் மிச்சம், அங்க அதே சர்க்யூட்டோட அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் 8 ஓம் கிட்ட வந்துடுது.

அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் கம்மிங்கிறதால எவ்ளோ கரண்ட் வேணாலும் இழுக்கலாம்னும் நெனச்சுடாதீங்க. 100 ஓம் லோடுல 5 வோல்ட் வேணும்னா 50 மில்லி ஆம்ப் குடுக்கணும், 741 சுமார் 25லயே கைய விரிச்சுடும், அவுட்புட் 2.5 வோல்ட் பக்கத்துலயே தட்டி நின்னுடும்.